சேய்மையும் காலமும்: ஒரு வைசேடிக விசாரணை

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையம் வரை புவிப்பரப்பின்மீது வரையத்தக்க மிகக் குறுகிய வளைகோடு ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர் நீளமுடையது. இடைநில்லா விமானம் இத்தொலைவைக் கடக்க 18 மணி நேரம் அளவில் ஆகிறது. இவ்விரு எண்களும் ஒரே உண்மையின் இரு வடிவங்கள் போலத் தோன்றினும், ஒன்றை அறிந்த அளவில் மற்றொன்று தானே விளங்கிவிடுவதில்லை. குறுகிய கோடு வடதுருவத்தை ஒட்டிச் செல்கிறது. ஆயினும், மேலடுக்கு வளிமண்டலத்தில் மேற்கிலிருந்து கிழக்காக விரைந்து வீசும் தாரைக்காற்றின் துணை கிடைக்கும்போது, பசிபிக் பெருங்கடலின் மீதான நீண்ட தடமே குறைந்த நேரத்தில் முடிகிறது. நெடிய வழி விரைந்த வழியாக அமையக்கூடுமாயின், சேய்மை எனப்படுவது இடத்தைச் சார்ந்ததா, காலத்தைச் சார்ந்ததா என்னும் வினா எழுகிறது.

இவ்வினாவுக்குக் கணாதரின் வைசேடிகம் என்னும் இந்தியத் தரிசனம் கூர்மையான விடையொன்றை வைத்திருக்கிறது. அது இடத்தைக் குறிக்கும் திசையையும் காலத்தையும் ஒன்றில் மற்றொன்றை அடக்காமல் தனித்தனித் திரவியங்களாக, அதாவது குணங்களுக்கு இடமாகும் பொருள்களாகக் கொள்கிறது. ‘இதிலிருந்து இது இவ்வளவில் உள்ளது’ என்னும் உணர்வால் திசையும், முன், பின், ஒருங்கு, தாமதம், விரைவு என்னும் உணர்வுகளால் காலமும் அனுமானிக்கப்படுகின்றன. சேய்மையும் அண்மையுமோ, ஓர் எல்லையை முன்னிறுத்தி இரண்டை ஒப்பிடும் அறிவாகிய அபேட்சா புத்தியைக் காரணமாகக் கொண்டு தோன்றும் குணங்கள். சென்னையை எல்லையாக வைத்தால் சிங்கப்பூர் அண்மையிலும் நியூயார்க் சேய்மையிலும் உள்ளன. லண்டனை எல்லையாக வைத்தால் அம்முறை தலைகீழாகிறது.

காலம் ஒன்றே என்பதும், பகல், இரவு, தேதி முதலியன சூரியன் இயக்கம் போன்ற உபாதிகளால், அதாவது புறத்தே நின்று பிரித்துக் காட்டும் நிமித்தங்களால் விளைந்த வேறுபாடுகள் என்பதும் வைசேடிகத்தின் மற்றொரு கொள்கை. சிங்கப்பூரில் நள்ளிரவு கடந்தவுடன் புறப்படுபவர், நியூயார்க்கின் கடிகாரம் 12 அல்லது 13 மணி நேரம் பின்தங்கியிருப்பதால், அதே நாள் விடியலில் சென்றிறங்குகிறார். எனினும் அவர் வாழ்நாளில் அப்பயண நேரம் முழுவதும் கழிந்தேயிருக்கிறது. மாறியது உபாதி, மீட்கப்பட்டது எதுவும் இல்லை.

இக்கொள்கைக்கு வலிய தடை ஒன்று உண்டு. 1971இல் ஹாஃபலே, கீட்டிங் என்னும் அறிவியலாளர் இருவர் அணுக்கடிகாரங்களை விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றச் செய்தபோது, தரையிலிருந்த கடிகாரத்தோடு ஒப்பிடுகையில், கிழக்கு நோக்கிச் சென்றவை சுமார் 59 நானோநொடி பின்தங்கின. மேற்கு நோக்கிச் சென்றவை சுமார் 273 நானோநொடி முந்தின. நானோநொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. அளவு சிறிதெனினும், வேகத்தாலும் ஈர்ப்பாலும் கழியும் காலமே வேறுபடுவதை உபாதி என்று ஒதுக்க இயலாது. ஆகவே எங்கும் ஒரே சீராக நிலவும் காலம் என்னும் பகுதி திருத்தம் வேண்டி நிற்கிறது.

ஒப்பிடும் அறிவைப் பற்றிய பகுதியோ இத்தடைக்கு உட்படவில்லை. அறிவு ஆன்மாவின் குணம் என்பது வைசேடிகர் துணிபாதலால், சேய்மை பற்றிய ஒவ்வொரு கூற்றுக்கும் ஒப்பிடுபவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். உலகம் சுருங்கிவிட்டது என்று கூறுபவர் தாம் செலவிடும் மணிகளை அளவாகக் கொள்கிறார். கடக்கப்படும் கிலோமீட்டர்களோ, அவற்றுக்காக எரிக்கப்படும் எண்ணெயோ அதனால் குறைவதில்லை. பயணச்சீட்டும் நுழைவு அனுமதியும் வாய்க்காதவருக்கு அச்சுருக்கம் நிகழ்வதுமில்லை. ஆதலின், ஓர் இடத்தை அண்மையென்று துணிபவர் அது யாருக்கு, எவ்வளவையால் அண்மை என்பதையும் உடன் கூறக் கடமைப்பட்டவர். அதைக் கூறாதவழி அத்துணிபு நிறைவுற்ற அறிவாகாது.