முகத்துக்கு அப்பால்

பாடுபட்டு வளர்த்துக்கொண்டதை விட்டுவிட்டு, பிறவியிலேயே வாய்த்ததை மட்டும் ஊர் புகழ்ந்துகொண்டிருந்தால் ஒருவர் என்ன செய்வது? நடிகை விவியன் லீயைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை.

டார்ஜிலிங்கில் 1913-ல் பிறந்த ஆங்கிலேயப் பெண். 1935-ல் லண்டன் மேடையில் ஒரே நாடகத்தில் பேர் வாங்கினார். 1939-ல் 'கான் வித் த விண்ட்', கூடவே ஆஸ்கார். அதன்பின் அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முகத்திலேயே நின்றுவிட்டது. மேடைக்குப் போதாது என்று சொல்லப்பட்ட மெல்லிய குரலை அவர் பயிற்சி செய்து கனமாக்கிக்கொண்ட கதை எத்தனை பேருக்குத் தெரியும்?

1949-ல் டென்னஸி வில்லியம்ஸ் நாடகத்தின் பிளான்ஷ் பாத்திரத்தை லண்டனில் ஏற்றார். 1951-ல் அதையே படத்திலும் நடித்தார். பிளான்ஷ் தன் வயதை மறைக்க மின்விளக்குக்குக் காகிதக் கூடு மாட்டி வைப்பவள். அவளை மணக்க நினைத்தவன் ஒரு நாள் அந்தக் கூட்டைப் பிய்த்தெறிகிறான். அவள் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்புகிறான். கண்ணடியில் களைப்பு, வாயோரத்தில் நடுக்கம், ஒளிய இடமில்லாத பார்வை. அழகுக்காகக் கொண்டாடப்பட்ட முகத்தை, அழகு வடிந்த முகமாகக் கேமராவுக்குக் கொடுத்தார். இரண்டாவது ஆஸ்கார் அதற்குத்தான். அழகை மீறித் திறமையை நிரூபித்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பிறர் பார்வையை நம்பி வாழும் பெண்ணின் பயம் அவருக்கு உள்ளிருந்தே தெரிந்திருக்க வேண்டும். கற்றுக்கொண்டு வருகிற நடுக்கம் இல்லை அது.

இதற்கிடையே மனநோயும் அவரைத் துரத்தியது. 1953-ல் 'எலிஃபண்ட் வாக்' படப்பிடிப்புக்கு இலங்கை வந்தவர் நிலைகுலைந்தார். அந்த வேடம் எலிசபெத் டெய்லருக்குப் போயிற்று. தூரத்துக் காட்சிகள் சிலவற்றில் இன்னமும் விவியன்தான் நடந்துபோகிறார். இரண்டே வருடத்தில் ஸ்ட்ராட்ஃபோர்டில் லேடி மக்பெத்தாக நின்றார். கென்னத் டைனன் போன்ற விமர்சகர்கள் கடுமையாகவே எழுதினார்கள். அவர் மேடையை விட்டு இறங்கவில்லை. 1957-ல் லண்டனின் செயின்ட் ஜேம்ஸ் நாடக அரங்கை இடிக்கப் போகிறார்கள் என்றதும், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபையில் பார்வையாளர் பகுதியிலிருந்து எழுந்து குரல் கொடுத்தார், வெளியேற்றினார்கள். அரங்கையும் இடித்துவிட்டார்கள். எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது இந்த இடத்தில்தான்.

பாடகி என்று பெயரெடுக்காதவர், 1963-ல் பிராட்வேயில் 'டோவாரிச்' இசைநாடகத்தில் பாடி ஆடி டோனி விருது வாங்கினார். 1967-ல் பழைய காசநோய் திரும்பி வந்தபோதும், எட்வர்ட் ஆல்பியின் நாடகம் ஒன்றுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்.