முழுகாம இருப்பது யார் சேதி?

நம்ம பக்கத்தில் ஒருத்தி கருவுற்றால் ‘முழுகாம இருக்கா’ என்கிறோம். அவள் மாதாமாதம் தலை முழுகுவதை ஊரே எண்ணிக்கொண்டிருந்தது என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி. கல்யாணமானவள் என்றால் நல்ல சேதி. ஆகாதவள் என்றால்?

கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் காலனியிலிருந்து பஸ் ஏறித் திருவண்ணாமலைக்குப் படிக்கப் போகிற பெண்ணுக்கு நாள் தள்ளிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மருந்துக் கடையில் சோதனை அட்டை விற்கிறார்கள். காலையில் முதலில் போகும் சிறுநீரைச் சில சொட்டு விட்டால் ஐந்து நிமிடத்தில் தெரியும். ஒரு கோடு என்றால் இல்லை, இரண்டு என்றால் உண்டு. இல்லை என்று காட்டியும் தலை முழுகவில்லையென்றால் ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமலே பார்க்கலாம்.

அவ்வளவு எளிதுதான். ஆனால் கல்லாவில் இருப்பது ஊர்த்தெரு, வாங்க நிற்பவள் காலனி. ‘யாருக்கும்மா?’ என்ற ஒரே கேள்வியில் சேதி அவள் கையை விட்டுப் போய்விடும். அந்தப் பயத்திலேயே நாள் கடத்துகிறாள். இல்லையென்றால் டாக்டரைப் பார்க்காமல் எவனோ தந்த மாத்திரையைப் போட்டு உயிரைப் பணயம் வைக்கிறாள்.

‘குடும்ப மானம்’ என்கிறார்கள். மானத்தைப் பெண்ணின் வயிற்றில் வைத்துப் பூட்டியது யார்? அகமணம்தான் சாதியின் ஆணிவேர், அதைக் காக்கவே பெண்மீது கட்டுக்காவல் என்று 1916இலேயே அம்பேத்கர் விளக்கிவிட்டார். சேரிக்குள்ளும் அப்பனும் அண்ணனும் அந்தக் காவலுக்கு நிற்கும்போது சாதியின் வேலையைக் கூலியில்லாமல் பார்க்கிறோம். 1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் கருத்தடைக்காகத் தீர்மானம் கொண்டுவந்தது அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சி. தீர்மானம் தோற்றது. நம் மேடைகளில் அதை எத்தனை பேர் பேசுகிறோம்?

‘மறைச்சா தப்பு செஞ்சவன் தப்பிச்சிடுவானே?’ என்று தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பண்ணையார் வீட்டுப் பையன் கெடுத்ததைப் பஞ்சாயத்தில் பணம் கட்டி மூடிய கதைகள் நமக்குத் தெரியும். ஆனால் அது அவள் வாயை அடைத்த மௌனம். நான் சொல்லுவது அவள் கேட்டு, அவளோடு சேர்ந்து காக்கிற ரகசியம். இரண்டுக்கும் வித்தியாசம் சாவி யார் கையில் என்பதுதான்.

சட்டமே இந்த இடத்தில் தடுமாறித்தான் வந்தது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் டாக்டர் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அதற்குப் பயந்தே பிள்ளைகள் ஆஸ்பத்திரிப் படி ஏறுவதில்லை. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு வழி காட்டியது: சிறுமியும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால், தகவல் கொடுக்கும்போது டாக்டர் அவள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. சில பிரிவினருக்கு 24 வாரம் வரை கருக்கலைப்புக்கு உள்ள அனுமதியில் மணமாகாதவளை ஒதுக்கக் கூடாது என்றதும் அதே தீர்ப்புதான். பதினெட்டு நிறைந்தவளுக்குப் புருஷன், அப்பன் கையெழுத்து எதுவும் வேண்டாம். அதற்குக் கீழ் என்றால் காப்பாளர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். கலைத்தவள் பெயரை வெளியே விட்டால் தண்டனை என்று 2021 திருத்தம் சொல்கிறது. பெற்றுக்கொள்ள நினைத்தால் அதுவும் அவள் உரிமை. உதவிக்குப் பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098 என்று தொலைபேசி எண்கள் இருக்கின்றன.

எண் இருந்தால் போதாது, கூடப் போக ஆள் வேண்டும். நிலத்துக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் ஊர்வலம் போகிற இயக்கம், ஒவ்வொரு காலனியிலும் வாய் காக்கிற ஒரு அக்காவையாவது உருவாக்கியிருக்கிறதா? அந்த அக்கா முதலில் கேட்க வேண்டியது ‘யாருடி அவன்?’ என்பதில்லை. ‘நீ இன்னா நெனைக்கிற?’ என்பதுதான்.