ஓர் ஆடை, பல உடல்கள்

நைந்த ஆடையைக் களைந்து புதியதை உடுக்கும் மனிதனைப் போல, ஆன்மா பழைய உடலை நீத்துப் புதிய உடலில் புகுகிறது என்று கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணபிரான் உபதேசிக்கும் இடத்தை அறியாத தமிழர் அரியர். அந்த உவமையைத் தலைகீழாக்கியது போன்ற வழக்கம் ஒன்று, டெனிம் துணியின்மேல் தீராத பற்றுக் கொண்ட அன்பர்களிடையே இன்று நிலவுகிறது. ஒருமுறையும் நீரில் நனையாத புதிய ஜீன்ஸ் ஒன்றை ஒருவர் சில காலம் உடுத்தி, பின்பு வேறொரு நகரத்து அன்பருக்குத் தபாலில் அனுப்ப, அவரும் தம் பங்குக்கு உடுத்தி அடுத்தவருக்கு அனுப்ப, ஒரே ஆடை கடல்களைக் கடந்து உடல் விட்டு உடல் மாறிச் சஞ்சரிக்கிறது. இடுப்பளவு ஒத்துவந்தால் போதும். குலம், தேசம், பாஷை எதுவும் கேட்கப்படுவதில்லை.

இதன் தத்துவம் அத்துணியின் நெசவிலேயே தொடங்குகிறது. டெனிமில் பாவு நூல் மட்டுமே நீலம். ஊடை நூல் வெள்ளை. அவுரி நீலமோ தண்ணீரில் கரையாத பொருளாதலால், அதனைத் தொட்டியில் கரையும் நிலைக்குக் கொணர்ந்து, நூலை முக்கியெடுத்துக் காற்றுப்பட விடுகிறார்கள். காற்றுப்பட்டதும் நீலம் மீள்கிறது. எத்தனை முறை முக்கினாலும் சாயம் நூலின் புறத்தே படிகிறதேயன்றி, நடுவில் உள்ள பஞ்சு வெண்மையாகவே நிற்கிறது. (திண்டிவனம் வட்டாரத்தில் அவுரி பயிரிட்டு வந்த நம்மவர்க்கு இந்த நீலம் அந்நியமானதன்று, புதுச்சேரியிலிருந்து நீலத்துணி மூட்டைகள் ஆப்பிரிக்காவின் செனெகல் வரை சென்ற காலமும் உண்டு.) ஆகவே உடுத்துபவன் நடக்க நடக்க, உட்கார உட்கார, உராய்ந்த இடமெல்லாம் நீலம் தேய்ந்து உள்வெண்மை வெளிப்படுகிறது. முழங்காலின் பின்புறத்து மடிப்புகளைத் தேன்கூடு என்றும், தொடையின் மேற்புறத்துக் கோடுகளை மீசை என்றும் அன்பர்கள் அழைக்கிறார்கள். செய்த வினை சித்தத்தில் வாசனையாகத் தங்கும் என்று நம் ஆசாரியர்கள் கூறிய அதே காரியம், இங்கே கண்காணத் துணியின்மேல் நடைபெறுகிறது. இரண்டாமவர் உடுத்தும்போது முதல்வரின் கோடுகளின்மேல் அவருடைய கோடுகள் விழுகின்றன; நான்காமவரிடம் சென்று சேர்வதற்குள், எது எவருடைய சுவடு என்று பிரித்துரைக்க அதனை உடுத்தியவர்களாலேயே இயலாமற் போகிறது.

இங்கேதான் எனக்கு ஒரு பழைய கேள்வி எழுகிறது. பிறர் உடம்பு பட்ட பொருள் அசுத்தமா, அனுக்கிரகமா? இதற்கு நம் சமூகம் ஒன்றுக்கொன்று நேர்விரோதமான விடைகளைச் சொல்லி, இரண்டையும் ஒருங்கே கைக்கொண்டு வாழ்ந்திருக்கிறது. பண்ணையார் உடுத்துக் கழித்த வேட்டி பண்ணையாளுக்கும், வீட்டம்மாள் கழித்த சேலை வண்ணாத்திக்கும் போவது தர்மமென்று கருதப்பட்டது. ஆனால் அப்பாதை ஒருவழிப் பாதை. கொடுத்தவன் தான் களைந்ததை வாங்கியவனுக்கு ஈந்தான். வாங்கியவன் களைந்ததையோ அவன் தொடவும் இசையான். பழந்துணி இழிவுதரும் பொருளாயிற்று எனில், அது பழையதாயிருந்த காரணத்தால் ஆயிற்று என்று நான் நினைக்கவில்லை. மேலிருந்து கீழ்நோக்கி மட்டுமே அது இறங்கியது, திரும்பிச் செல்ல அதற்கு வழியில்லை, அதனால் ஆயிற்று.

அதே நாட்டில், கீழிருந்து மேல்நோக்கிச் சென்ற பொருளும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் பெருமாளுக்கென்று தொடுத்த மாலையை மகள் முன்னதாகச் சூடி அழகு பார்த்ததைக் கண்டு அவர் பதைபதைத்துப் புதுமாலை தொடுக்க, பெருமாளோ ஆண்டாள் சூடிக் களைந்ததையே விரும்பினார் என்பது ஐதிகம். இன்றும் சித்திரைத் திருவிழாவில் மதுரைக்கு வரும் கள்ளழகருக்கும், புரட்டாசிப் பிரம்மோத்ஸவத்துக் கருடசேவையில் திருமலை வேங்கடவனுக்கும் அவள் சூடிய மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செல்கிறது. ஊர் விட்டு ஊர் அனுப்பப்படும் உடுத்த ஜீன்ஸைக் கேள்வியுற்று முகம் சுளிக்கும் நம் பெரியவர்கள், இந்த மாலையை நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். அன்பு இடையே புகுந்தவிடத்து உச்சிஷ்டம் என்ற எண்ணமே ஒழிந்துபோகிறது. ஆயினும் அந்த அறிவைக் கோயிலுக்குள் வைத்துப் பூட்டிவிட்டோம் என்ற துயரமும் எனக்கு உண்டு. சூடிக் களைந்த மாலையைத் தலைமேல் தாங்கிய அதே மதுரையில், ஒடுக்கப்பட்ட மக்கள் மீனாட்சியம்மன் சந்நிதிக்குள் காலெடுத்து வைக்க, காந்தியவாதி வைத்தியநாதையர் தம்மோடு அழைத்துக்கொண்டு நுழைந்த 1939 ஜூலை 8 வரை காத்திருக்க நேர்ந்தது.

மேலும் கீழும் அன்றி, சமதளத்தில் ஆடை கைமாறிய நிகழ்ச்சி ஒன்றைப் பௌத்த சங்கத்தார் போற்றி வைத்திருக்கிறார்கள். புத்தர்பிரான் அமர்வதற்காகச் சீடர் மகாகாசியபர் தம் மேலாடையை நான்காக மடித்து விரிக்க, அது மிருதுவாயிருக்கிறதென்று புத்தர் சொல்ல, காசியபர் அதனை அவருக்கே அர்ப்பணிக்க, அப்படியாயின் நான் உடுத்து நைந்த கந்தலை நீ உடுப்பாயோ என்று புத்தர் கேட்டு மாற்றிக்கொண்டதாகச் சம்யுத்த நிகாயம் கூறுகிறது. அங்கே ஈந்தவன் எவன், ஏற்றவன் எவன்?

இவ்வளவும் சிங்கப்பூரின் கிராஞ்சியில் வாழும் தமிழனாகிய என் சிந்தையில் ஓடக் காரணம், இவ்வூர்த் தொழிலாளர் விடுதிகள். தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த ஆண்கள், ஓர் அறையில் அடுக்குக் கட்டில்களில் பலராகத் தங்கி, வாரமெல்லாம் கட்டடங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைத்து, ஞாயிற்றுக்கிழமை தேக்கா கடைத்தெருவுக்குப் புறப்படுகிறார்கள். அன்றைக்கு உடுத்துவதற்கென்று காப்பாற்றி வைத்த நல்ல ஜீன்ஸ் ஒன்று, இடுப்பளவு ஒத்த நண்பர்களிடையே இந்த வாரம் ஒருவர், அடுத்த வாரம் ஒருவர் என்று முறைவைத்துச் சுற்றுவதையும், ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்புபவர் அதனைப் பக்கத்துக் கட்டில் தம்பிக்கு விட்டுச் செல்வதையும் அறிவேன். 1873 மே 20 அன்று லெவி ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் பையோரங்களில் செப்பு ஆணி அறைந்து காப்புரிமை பெற்ற இவ்வுடை, முதலில் உழைப்பாளிக்கென்றே தைக்கப்பட்டதாதலால், கிராஞ்சியில் அது தன் சொந்த வீட்டுக்கு வந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. இதே கிராஞ்சியின் யுத்தக் கல்லறையில், தளபதிக்கும் சிப்பாய்க்கும் பதவி, இனம், சமயம் பாராமல் ஒரே அளவில் கல் நாட்டியிருக்கிறார்கள். மாண்டவர்க்கு வழங்கிய அந்தச் சமத்துவத்தை, உயிரோடிருப்பவர்கள் ஓர் உடையின்வழி தமக்குத் தாமே வழங்கிக்கொள்வதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

டெனிம் அன்பர்கள் விரும்பிப் பகிர்கிறார்கள். விடுதி நண்பர்கள் தேவையாற் பகிர்கிறார்கள். இந்த வேற்றுமையை மறைப்பதற்கில்லை. தன் பெட்டி நிறைய உடை வைத்திருப்பவன் ஒன்றை மட்டும் ஊர்சுற்ற விடுவது பெருந்தியாகமாகாது. எனினும் தன் தேகத்தின் கையெழுத்தென்று அவன் அபிமானிக்கும் சுவடுகளையே பிறர் அழித்தெழுதுமாறு விட்டுக்கொடுக்கிறானே, அந்த மட்டில் மமகாரம் தளர்வதாகவே கொள்வேன்.

பயணம் முடிந்தபின் அத்தகைய ஆடையைக் கண்ணாடிப் பேழையில் மாட்டி வைக்க வேண்டுமென்பாரோடு மட்டும் நான் உடன்படமாட்டேன். அது கிழியும்வரை உடுத்தப்பட வேண்டும். கிழிந்தால் ஒட்டுப் போடப்பட வேண்டும். கோசாம்பி மன்னன் உதயணனின் தேவியர் ஐந்நூறு வஸ்திரங்களைப் புத்தரின் சீடர் ஆனந்தருக்கு ஈந்தபோது, இத்தனையையும் வைத்துக்கொண்டு என்ன செய்வீர் என்று மன்னன் வினவினான். ஆடை நைந்த பிக்ஷுக்களுக்குப் பகிர்ந்தளிப்போம் என்றார் ஆனந்தர். அந்த நைந்த ஆடைகளை? மேல்விரிப்பாக்குவோம். அவை நைந்தால்? மெத்தையுறை, பின்பு தரைவிரிப்பு, கால்துடைப்பான், தூசு தட்டும் துணி, அதுவும் இற்றுப்போனால் நறுக்கிச் சேற்றோடு குழைத்துத் தரை மெழுகுவோம் என்று அவர் விடை பகர, உதயணன் உவந்து இன்னுமோர் ஐந்நூறு வஸ்திரங்களை வரவழைத்துக் கொடுத்தான்.