தோற்கச் சம்மதித்தவன்

"எல்லாம் செட்டப்பு தம்பி. யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வச்சிருவாங்க" என்றார் பலசரக்குக் கடை அண்ணாச்சி. மல்லாங்கிணற்றில் கேபிள் இணைப்பு வந்திருந்த காலம். அமெரிக்க மல்யுத்தத்தில் அண்டர்டேக்கரும் அவருடைய தம்பி என்று சொல்லப்பட்ட முகமூடிக்காரர் கெய்னும் 1998இல் மோதினார்கள். அண்ணாச்சி கடைப் பெட்டியில் அதைப் பார்க்க வாசலில் பையன்கள் கூடி நின்றார்கள். அவர் சொன்னதை எவனும் மறுக்கவில்லை. எவனும் நகரவும் இல்லை. இந்த இரண்டாவது விஷயம்தான் இத்தனை வருஷமாக என்னைத் தொந்தரவு செய்கிறது. பொய் என்று தெரிந்த பிறகும் நிற்கிறவனை ஏமாளி என்று சொல்லிவிட முடியாது. அவன் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்?

ரோலான் பார்த் 1957இல் வந்த 'மித்தாலஜீஸ்' நூலை மல்யுத்தம் பற்றிய கட்டுரையோடுதான் தொடங்குகிறார். இது விளையாட்டு இல்லை, காட்சி. யார் வெல்வார் என்பது இங்கே கேள்வியே இல்லை. வேதனை, வஞ்சம், நீதி எல்லாம் எவருக்கும் சந்தேகம் வராத அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டப்படுகின்றன. இப்படிப் போகிறது அவர் வாதம். அண்ணாச்சிக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. ஆனால் பார்த் உட்கார்ந்திருப்பது பார்வையாளர் நாற்காலியில். அங்கிருந்து பார்த்தால் தோற்றவனும் ஒரு குறி, அவ்வளவுதான். மறுநாள் காலையில் அவன் எந்த முகத்தோடு எழுந்திருப்பான் என்று கேட்க அந்த நாற்காலியிலிருந்து வழியில்லை.

மெக்சிகோவில் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. அங்கே 'லூச்சா லீப்ரே' எனப்படும் மல்யுத்தத்தில் முகமூடியையே பணயம் வைத்து மோதுகிற வழக்கம் உண்டு. தோற்றவன் மேடை நடுவில் முகமூடியைக் கழற்ற வேண்டும். அவனுடைய சொந்தப் பெயர் ஊரறியச் சொல்லப்படும். அந்த முகமூடியை அவன் மறுபடி அணியக் கூடாது. இவ்வகைச் சண்டைகளில் இன்றுவரை பேசப்படுவது 1952 நவம்பர் 7ஆம் தேதி மெக்சிகோ நகரத்தில் எல் சான்ட்டோவுக்கும் பிளாக் ஷேடோவுக்கும் நடந்தது. சான்ட்டோ என்றால் புனிதர். 1942இல் அந்தப் பெயரோடு மேடையேறிய வெள்ளி முகமூடிக்காரர். பின்னாளில் ஐம்பதுக்கு மேற்பட்ட சினிமாக்களில் நடித்து, ரத்தக்காட்டேரிகளையும் பைத்தியக்கார விஞ்ஞானிகளையும் அடித்து வீழ்த்தி, அந்த நாட்டின் ரட்சகனாகவே ஆனவர். ஆனால் 1952இல் அவர் 'ரூடோ', அதாவது விதியை மீறி அடிக்கும் முரடர் கட்சி. புனிதர் என்ற பெயருக்குள் ஒரு முரடன். இதில் யாருக்கும் முரண்பாடு தெரிந்ததாகத் தோன்றவில்லை. பெயர்கள் விஷயத்தில் நாமும் அப்படித்தானே.

சான்ட்டோ வென்றார். பிளாக் ஷேடோ முகமூடியைக் கழற்றினார். உள்ளே அலெஹாந்த்ரோ குரூஸ் என்று ஒரு மனிதர். விகாரமோ மர்மமோ இல்லாத, சந்தையில் எதிர்ப்பட்டால் திரும்பிப் பார்க்க வைக்காத ஒரு முகம். அவ்வளவுதான் அந்தச் சண்டையின் உச்சம். மேடையில் அவருக்குச் சகோதரனாக இருந்த (ரத்த உறவு இல்லை) புளூ டீமன் இதற்குப் பழிவாங்கக் கட்சி மாறி, 1953இல் சான்ட்டோவை வென்று பட்டத்தைப் பறித்தார். ரசிகர்கள் அந்தக் கதையைத்தான் அதிகம் சொல்வார்கள். எனக்குக் குரூஸ்தான் முக்கியமாகப் படுகிறார். அவர் அதே பெயரில், திறந்த முகத்தோடு, மேலும் பல வருஷங்கள் மோதினார். 2007இல் இறந்தார். சான்ட்டோ 1984 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் முகமூடியைச் சற்றே உயர்த்தி முகத்தின் ஒரு பகுதியைக் காட்டினார். சில நாட்களில், பிப்ரவரி 5ஆம் தேதி, மாரடைப்பால் இறந்தார். முகமூடியோடுதான் புதைத்தார்கள்.

அண்ணாச்சியின் வாதத்தை இப்போது அதன் எல்லைவரை கொண்டுபோய்ப் பார்க்கலாம். இந்தத் தொழிலில் முடிவை முன்பே பேசி வைப்பதுதான் வழக்கம். அப்படியானால் அந்த இரவில் சான்ட்டோ பணயம் வைத்தது ஒன்றுமில்லை. வெள்ளி முகமூடிக்கு ஆபத்து எதுவும் இருந்திருக்காது. இருவரும் சமமாகப் பந்தயம் கட்டினார்கள் என்பது சுத்தப் பொய். ஆனால் இழப்பு பொய் இல்லை. முகமூடி போனது போனதுதான். எந்த ஒப்பந்தமும் அதைத் திருப்பித் தராது. மேடையில் நடந்த அத்தனை பாசாங்குக்கும் நடுவில் நிஜமாக நடந்தது அது ஒன்றே. அதுவும் தெரியாமல் நேர்ந்த தோல்வி இல்லை. தோற்கப் போகிறோம் என்று தெரிந்து, சம்மதித்து, பின் ஜெயிக்கத் துடிப்பவனைப் போல முழு மூச்சோடு மோதியிருக்கிறார் ஒருவர். இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. வீரம் என்றும் சொல்லத் தயக்கம்தான், பணம் வாங்கிக்கொண்டு செய்தது அது. ஆனால் பணம் வாங்கினால் இழப்பு குறைந்துவிடுமா?

கெய்ன் விஷயம் வேறு. தீ விபத்தில் முகம் வெந்துபோனதால் முகமூடி போட்டிருக்கிறார் என்பது அவருடைய கதை. 2003 ஜூனில் தோற்று முகமூடியைக் கழற்றினார். கரி பூசிய முகம், பாதி மழித்த தலை. காயம் ஒன்றுமில்லை. வெடி ஆலைகளைச் சுற்றி வளர்ந்த எங்கள் பக்கத்துப் பையன்களுக்குத் தீக்காயம் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அதே கூட்டத்தில் நின்ற ஒருவனின் சித்தப்பாவுக்கு ஒரு பக்கக் காதே இல்லை. அவன் எதுவும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டான். முடிவு செட்டப்பு என்றபோது நகராதவன் அன்று நகர்ந்தான். குரூஸின் முகமூடி தனக்குள் ஒன்றும் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. இது சொல்லிக்கொண்டது, அதுவும் இன்னொருவனுடைய காயத்தை.

இதே அண்ணாச்சி கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்து திருச்செந்தூருக்குப் போகிறவர். சூரசம்ஹாரத்தின் முடிவு அவருக்கும் முன்பே தெரியும். அவருடைய பாட்டனுக்கும் தெரிந்ததுதான். கடற்கரையில் செட்டப்பு என்ற சொல் அவர் வாயில் வராது. நானும் அந்த மணலில் நெரிபட்டு நின்றிருக்கிறேன். சூரனின் உடல் ஒன்றுதான். முதலில் யானை முகம், அது வீழ்ந்ததும் சிங்க முகம், பிறகு சூரபத்மனின் சொந்த முகம், கடைசியில் மாமரம். ஒரு தலையை எடுத்து அடுத்த தலையைப் பொருத்தும் இடைவெளியில் அந்தக் கழுத்து மொட்டையாக நிற்கிறதே, என் கண் எப்போதும் அங்கேதான் போகும். வேல் எறிந்தவர் பக்கம் திரும்பத் தோன்றாது. கச்சியப்ப சிவாச்சாரியார் தோற்றவனை மயிலும் சேவலுமாக்கி, வாகனத்திலும் கொடியிலும் இடம் கொடுத்துவிட்டார். நல்ல ஏற்பாடு. ஆனால் கடற்கரையில் தோற்பது மரம். மரத்துக்கு மறுநாள் காலை கிடையாது.

இதையெல்லாம் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் சிற்றேடுகளில் முகமூடிகளுக்குக் குறைவில்லை. எஸ். மணி மௌனி, டி.கே. துரைசாமி நகுலன், சுந்தர ராமசாமி கவிதைக்கு மட்டும் பசுவய்யா. இவை ஊரறிந்தவை, விளையாட்டுப் போன்றவை. ஆனால் உண்மையிலேயே மறைவு தேவைப்பட்ட ஒருவர் எனக்குத் தெரிந்து இருந்தார். உத்தியோகம், குடும்பம். என் கவிதைகளைப் பற்றி அவர் புனைபெயரில் எழுதியதற்கு நான் ஒரு மறுப்பு எழுதினேன். அதில் நாலாவது வரியில் அவருடைய சொந்தப் பெயரைப் போட்டேன். வாசகனுக்கு உண்மை தெரிய வேண்டும் என்பது அன்று நான் சொல்லிக்கொண்ட நியாயம். முந்நூறு பிரதி போகும் ஏடு. முந்நூறு போதுமானதாக இருந்தது. அவர் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. நான் எதையும் பந்தயமாக வைத்திருக்கவும் இல்லை. என் கவிதைகளைப் பற்றி அவர் சொன்னது சரி என்பது பிறகு தெரிந்தது, அது வேறு கதை. அதன் பின் அவர் எழுதவில்லை. வேறு பெயரில் எழுதியிருந்தால் அந்த நடை எனக்குத் தெரிந்திருக்கும்.

சில வருஷங்களுக்கு முன் பங்குனிப் பொங்கல் சமயத்தில் விருதுநகர் பொருட்காட்சியில் அவரை எதிரெதிரே பார்த்தேன். விலகிப் போயிருக்கலாம், அவரே நின்றார். மழை இல்லாததைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். "இவர் எழுதுறவர்" என்று தன் மனைவியிடம் என்னை அறிமுகப்படுத்தினார். என் மனைவியிடம் அவரை யாரென்று சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "தெரிஞ்சவர்" என்றேன்.