41-ஆம் இடத்துப் பாட்டு

பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டை ஊரே சேர்ந்து நினைவில் வைத்திருக்கும். நடுவில் வந்து நின்ற பாட்டுக்கு அந்தத் துணை இல்லை. பிடித்துப்போனவர்கள்தான் ஒவ்வொருவராகச் சுமந்து வரவேண்டும்.

எல்டன் ஜானின் 'டைனி டான்ஸர்' 1972-இல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 41-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. வானொலித் தொகுப்பாளர் கேசி கேசம் வாரந்தோறும் அந்தப் பட்டியலிலிருந்து வரிசையாக ஒலிபரப்பியதோ முதல் 40 பாடல்களை. ஒரே ஒரு படி! ஆறு நிமிடத்துக்கும் மேல் ஓடும் பாட்டு அது. பியானோ தனியாகத் தொடங்கும், பிறகு ஸ்டீல் கிட்டார் மெல்ல வந்து சேரும், நெடுநேரம் கழித்தே பல்லவி வரும். மூன்று நிமிடப் பாட்டுக்குப் பழகிய அன்றைய வானொலிக்கு அந்தப் பொறுமை இல்லை. 2000-இல் வெளியான 'ஆல்மோஸ்ட் ஃபேமஸ்' படத்தில், மனஸ்தாபத்தோடு பேருந்தில் போகும் இசைக்குழுவினர் ஒவ்வொருவராக இந்தப் பாட்டைப் பாடத் தொடங்குகிறார்கள். அந்தக் காட்சியோடு பாட்டுக்கு இன்னொரு தலைமுறை கிடைத்தது.

பீச் பாய்ஸின் 'காட் ஒன்லி நோஸ்' 1966-இல் அமெரிக்காவில் இசைத்தட்டின் மறுபக்கப் பாட்டாக வெளிவந்து 39-ஐத்தான் தொட்டது. பிரிட்டனில் அதுவே 2-ஆம் இடம்.

பில்போர்டு பட்டியல் அளந்தது அந்தந்த வாரத்து விற்பனையையும் வானொலி ஒலிபரப்பையும் மட்டுமே. 1967-இல் வந்த லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 'வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்டு' பாட்டை அமெரிக்கா அப்போது கண்டுகொள்ளவில்லை. 1971-இல் அவர் மறைந்தார். 'குட் மார்னிங், வியட்நாம்' படத்தில் ஒலித்த பிறகு, 1988-இல் அது 32-ஆம் இடத்துக்கு வந்தது.