பெயரும் உரிமையும்: ஒரு தானியம் எழுப்பும் வினா

பியர் வடிப்பதற்கெனப் பயிரிடப்பட்ட வாற்கோதுமை இனங்களுள், பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்திலே தலைமை பெற்று விளங்கியது 'செவலியர்' என்னும் இனமாகும். இளவேனிலில் விதைக்கப்படும் இதன் மணிகள் முளைகட்டி உலர்த்துவதற்கு மிகச் சிறந்தவை என மதிக்கப்பட்டன. இப்பெயரின் பின்னே அறவியற் பிரச்சினையொன்று மறைந்து கிடக்கின்றது.

சஃபொக் பகுதியிலுள்ள டெபனம் என்னும் ஊரின் பழைய வரலாற்றுக் குறிப்பொன்று கூறுவது இது: 1820 ஆம் ஆண்டளவில் யோன் அன்றூஸ் என்ற கூலியாள் கதிரடித்துவிட்டு வீடு திரும்பினான். காலில் ஏதோ உறுத்தவே சப்பாத்தைக் கழற்றினான். உள்ளே அழகிய கதிர்த்துண்டு ஒன்று கிடந்தது. அதன் மணிகளைத் தன் தோட்டத்தில் ஊன்றினான். அவன் குடியிருந்த வீட்டின் உரிமையாளரான மதகுரு யோன் செவலியர், திருத்தவேலைகளைப் பார்வையிட வந்தபோது அக்கதிர்களைக் கண்டு, முற்றியதும் தமக்குத் தருமாறு கேட்டார். பெற்றதைத் தனியே விதைத்துப் பெருக்கி, ஓர் ஏக்கருக்குப் போதிய விதையைச் சேர்த்தார். பின்னர் அது சந்தைக்குச் சென்றது. கண்டெடுத்தவன் ஒருவன், பெயர் பெற்றவர் மற்றொருவர். இது நீதியாகுமா?

இயற்கைப் பொருளோடு தன் உழைப்பைக் கலப்பவனுக்கே அப்பொருள் உரியது என்றார் யோன் லொக். ஆயின், வேலையாள் வெட்டிய புற்கரணை எசமானுக்கே சொந்தம் என்றும் அவரே கருதினார். அன்றூஸ் விதை ஊன்றியதோ எசமானின் ஏவலாலன்று. தன் ஓய்வு நேரத்தில், தன் விருப்பினால். எனவே இவ்விதிவிலக்கும் அவனது உரிமையை மறுக்கப் போதாது.

செவலியரின் பணியும் சிறிதன்று. பிற விதைகளோடு கலவாது ஆண்டாண்டாக அவர் காத்திராவிடில், அக்கதிர்கள் அத்தோட்டத்தோடு அழிந்திருக்கக்கூடும் என வாதிடலாம். இவ்வாதம் உண்மையே, எனினும் முழுமையானதன்று. நல்ல மணியை இனங்காணும் கண்ணும் அதனைப் பேணும் பொறுமையும் அன்றூஸிடமும் இருந்தன. அவனிடம் இல்லாதிருந்தது நிலம் ஒன்றே. அன்றியும், குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் கேட்கும்போது குடியிருப்பவன் மறுத்தல் எளிதா? மறுக்கமுடியாத இடத்திலே கொடுக்கப்படுவதை முழுமனதான கொடை எனல் கடினம்.

புதிய தாவர இனங்களைப் பாதுகாக்கும் சர்வதேசச் சமவாயம் 1991 இல் திருத்தப்பட்டபோது, ஓர் இனத்தை உருவாக்கியவரையோ, 'கண்டுபிடித்து விருத்திசெய்தவரையோ' இனவிருத்தியாளர் என வரையறுத்தது. கண்டுபிடித்தல் மட்டும் போதாது, விருத்திசெய்தலும் வேண்டும். இவ்விரண்டாவது தகுதிக்கு நிலமும் முதலும் தேவை என்பது மனங்கொளத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டில் வழக்கொழிந்த செவலியரை, அண்மைக் காலத்திலே நோரிச் நகரின் யோன் இன்னஸ் நிலையம் சேமிப்பு விதைகளிலிருந்து மீட்டெடுத்தது. மீண்டு வந்த பெயரும் அதுவே. ஒருவரின் புகழைப் பறித்து மற்றவருக்குச் சூட்டுதல் நீதியாகாது. ஆனால், வாய்ப்பினால் வந்த பங்கையும் தகுதியினால் வந்த பங்கையும் பிரித்தறியாது புகழ்தலும் நீதியாகாது. பெயரொன்று இருவரைச் சுமக்க இயலாதெனின், அக்கடமை வரலாற்றைச் சாரும்.