வரப்பு வல்லாரையும் கொரியச் சீரமும்

போன வைகாசியில் ஒரு சனிக்கிழமை, செம்மேட்டில் நான் குடியிருக்கும் வீட்டுக்குப் பழைய மாணவி ஒருத்தி வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை என்னிடம் தாவரவியல் படித்தவள். இப்போது நாமக்கல்லில் நர்சிங் இரண்டாம் வருஷம், ஹாஸ்டல் வாசம். லீவுக்கு 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்திருந்தாள். பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இதைப் போடலாமான்னு பாத்துச் சொல்லுங்க டீச்சர். கொரியாவுதுங்க. எண்ணூத்தம்பது ரூவா."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைப் படித்தேன். பொடி எழுத்து. முதல் வரியிலேயே ஒரு பழகிய பெயர்: சென்டெல்லா ஏசியாட்டிகா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏங்கண்ணு, இது நம்ம வல்லாரை! உங்க வயல் வரப்புல சும்மா கிடக்குற கீரைக்கா எண்ணூத்தம்பது ரூவா குடுத்தே?"

பிறகு ஒரு சிறு பிரசங்கமே செய்தேன். நம்மிடம் இல்லாததா, பாட்டிகளுக்குத் தெரியாததா, எல்லாம் விளம்பரம், உனக்கென்ன குறை, மலைக்காற்றில் வளர்ந்த முகம், இயற்கையான அழகு. வகுப்பில் பேசிப் பழகிய வாய். அவள் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"வல்லாரைன்னு தெரியுங்க டீச்சர், நெட்டுல பாத்துட்டுத்தான் வாங்குனேன். ஆனா வல்லாரைய அரைச்சுப் பூசிட்டுப் போனா மலைக்காரிம்பாங்க. இந்தப் பாட்டில் ரூம்ல இருந்தா, என்ன பிராண்டுன்னு கேட்டுக்கிட்டுப் பக்கத்துல வந்து உக்கார்றாங்க."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு இல்லாத பதிலைத் தேடித்தான் இதை எழுதுகிறேன். தன் முகத்தை மாற்றிக்கொள்ள விரும்பும் ஒருத்தியிடம் "வேண்டாம், நீ இருக்கிறபடியே இரு" என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது?

*

முதலில் "நம்முடையது" என்ற பெருமையை எடுத்துக்கொள்கிறேன். அன்று நான் முதலில் எடுத்து வீசியது அதைத்தான்.

வல்லாரை நம்முடையதுதான். ஆனால் நமக்கு மட்டுமே உரியது அல்ல. ஈரமான வெப்பநாடுகளில் எங்கெங்கும் தரையோடு படர்ந்து கிடக்கும் கொடி அது. 1940-களில் மடகாஸ்கரில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதிலிருந்து ஏசியாட்டிகோசைடு என்ற பொருளைப் பிரித்தெடுத்து, தொழுநோய்ப் புண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வழியில் வந்ததுதான் மடேகாசால் என்ற களிம்பு. தென்கொரியாவில் குழந்தை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால் அம்மாக்கள் தேடுகிற வீட்டு மருந்து அது. அதை அங்கே விற்கும் டாங்குக் என்ற மருந்து நிறுவனமே பின்னால் முகக்கிரீமிலும் இறங்கியது. கொரிய அழகுப் பொருள்களில் 'சிக்கா' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் வல்லாரைதான். புண் ஆறி வடுவாவதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம் அது. அடிபட்ட புலி இதில் புரண்டு ஆற்றிக்கொள்ளும் என்றொரு கதையும் சொல்லி, புலிப்புல் என்று பெயர் வைத்து விற்கிறார்கள்.

இதில் திருட்டு எதுவும் இல்லை. மஞ்சளுக்கு நடந்தது வேறு. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கே 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் வழக்காடி 1997-ல் அதை ரத்து செய்யவைத்தது. அங்கே கோபப்பட நியாயம் இருந்தது. வல்லாரையை நாம் துவையலாகவும், ஞாபகசக்திக்கென்று பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கீரையாகவும் வைத்துக்கொண்டோம். அவர்கள் அதன் சாரத்தைப் பிரித்து, அளந்து, கெடாமல் குப்பியில் அடைத்தார்கள். வரப்பிலிருந்து பறித்து அம்மியில் அரைத்த விழுதும் அந்தச் சீரமும் ஒன்றல்ல. விழுதில் எவ்வளவு சாரம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, மண்ணும் கிருமியும் சேர்ந்தே வரும், பச்சை இலை சிலருக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் தரும். தாவரவியல் ஆசிரியைக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் பெருமைக்காக மறைத்துப் பேசினேன்.

கொரிய நிறுவனங்கள் பல மடகாஸ்கர் வல்லாரையையே பெருமையாக எழுதுகின்றன. அங்கே அதைப் புல்வெளியிலும் வரப்பிலும் கையால்தான் பறித்துச் சேர்க்கிறார்கள். அப்படிப் பறிக்கும் ஒருத்தியையும் அவள் ஊரில் மலைக்காரி என்பதற்கு ஈடான ஏதோ ஒரு சொல்லால் யாரோ கூப்பிடக்கூடும். செடி ஒன்றேதான். பறிப்பவளுக்குக் கிடைக்காத மரியாதை குப்பியை வைத்திருப்பவளுக்குக் கிடைக்கிறது. என் மாணவி ஒரே வாக்கியத்தில் சொன்னது இந்தப் பொருளாதாரத்தைத்தான்.

*

அடுத்தது "இயற்கை அழகு". இதைச் சொல்லும்போது என் படுக்கையறை அலமாரியில் மூன்று குப்பிகள் இருந்தன. ஒன்று அரிசிச் சாறு சேர்த்த கொரிய சன்ஸ்கிரீன், ஒன்று நத்தைப் பசையில் செய்தது, மூன்றாவது நியாசினமைடு சீரம். என் தங்கை மகள் சென்னையிலிருந்து அனுப்பியவை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு என் இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. பதினைந்து வருஷம் அதைப் பவுடரால் மூடினேன். சன்ஸ்கிரீன் போட ஆரம்பித்தபின் மங்கு மறையவில்லை, கருப்பது மட்டும் நின்றது. பழைய சன்ஸ்கிரீன்கள் நம் நிறத்தின்மேல் சாம்பல் பூசியதுபோல் தெரியும், இது தெரிவதில்லை. தினமும் காலையில் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறேன். அன்று நான் பிரசங்கம் செய்ததும் அந்த முகத்தோடுதான்.

இந்த மலைக்கென்றே ஓர் அழகி உண்டு. கொல்லிப்பாவை. காற்று மோதினாலும் மழை கொட்டினாலும் இடி விழுந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் குலையாத வடிவம் என்று நற்றிணைப் புலவர் ஒருவர் அவளைச் சொல்கிறார். சிரித்தே கொல்பவள் என்பது கதை. இன்றும் எட்டுக்கை அம்மன் கோயிலைக் கொல்லிப்பாவை கோயில் என்றே சொல்கிறார்கள். சங்கக் கவிஞர்கள் தலைவியின் அழகைச் சொல்ல இவளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆனால் குலையாமல் இருப்பது பாவைக்குத்தான் முடியும். மிளகும் காப்பியும் பறிக்கிற பெண்ணின் முகத்தில் வெயில் தன் வேலையைச் செய்யும். 1000 மீட்டர் உயரம் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவிகிதம் கூடும். 'மலைக்காற்றில் வளர்ந்த முகம்' என்று கவிதையாகச் சொல்லிவிடலாம். அந்த முகம் கூடுதல் வெயிலில் வளர்ந்த முகமும்கூட. இயற்கை அழகு என்று நாம் புகழ்வது அநேகமாக அடுத்தவர் முகத்தைத்தான். நம் முகத்துக்கு ஏதாவது ஒன்று வாங்கி வைத்திருப்போம்.

*

இதையெல்லாம் ஒத்துக்கொண்டாலும் ஒரு முள் மிச்சமிருக்கிறது. நிறம்.

1975-ல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தது. ஒரு தலைமுறைப் பெண்களுக்கு வேலையும் மாப்பிள்ளையும் சிவந்த கன்னத்தின் வழியாக வரும் என்று விளம்பரம் சொல்லிக்கொடுத்தது. 2020-ல் பெயரிலிருந்து 'ஃபேர்' போய் 'குளோ' வந்தது. அந்தக் கிரீமின் முக்கியச் சரக்கு நியாசினமைடு, ஒருவகை பி3 வைட்டமின். என் அலமாரியிலிருக்கும் கொரியச் சீரத்திலும் அதுவேதான். கொரியாவில் 'மிபெக்' என்று ஒரு வகையே சட்டப்படி உண்டு. அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் அழகு-வெண்மை. இப்போது 'கிளாஸ் ஸ்கின்' என்கிறார்கள், நிறம் முக்கியமில்லை பளபளப்புதான் என்கிறார்கள். விளம்பரத்தில் வரும் முகங்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

பாட்டி வைத்தியமும் இதில் சுத்தமில்லை. "கஸ்தூரி மஞ்சள் பூசு, நிறம் குடுக்கும்" என்றுதான் என் பாட்டியும் சொன்னாள். கர்ப்பிணிக்குக் குங்குமப்பூ எதற்குக் கொடுக்கிறோம்? அந்த ஆசையைக் கொரியாவிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டிய அவசியம் நமக்கு இருக்கவில்லை.

இதை யோசித்துக்கொண்டே அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். கன்னத்தில் தோல் மெலிந்து, சின்ன ரத்தக்குழாய்கள் சிவப்பாகத் தெரிந்தன. விசாரித்தபோது மெல்லச் சொன்னாள். பதினொன்றாம் வகுப்பிலிருந்து கீழே ஒரு மெடிக்கலில் ஒரு ட்யூப் வாங்கிப் போட்டிருக்கிறாள். போட்ட மாதமே வெளுத்திருக்கிறது. நிறுத்தினால் முகம் எரிகிறது, பருவாகக் கிளம்புகிறது, அதனால் மறுபடி போடுகிறாள். ஸ்டீராய்டு. கரப்பானுக்கும் அரிப்புக்கும் டாக்டர் சொல்லிச் சில நாள் போட வேண்டிய மருந்து. மருத்துவர் சீட்டில்லாமல் இவற்றை விற்பதைத் தடுக்க 2018-ல் விதிகளை இறுக்கியும் கிராமத்துப் பெண்கள் கையில் 'வெள்ளையாக்குற கிரீம்' என்ற பெயரில்தான் இது புழங்குகிறது. நர்சிங் வகுப்பில் ஸ்டீராய்டு பாடம் நடந்த அன்றைக்குத்தான் தான் பூசுவது என்னவென்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எரிகிற முகத்தை அமர்த்தத்தான் இந்த வல்லாரைச் சீரத்தைத் தேடிப் பிடித்திருக்கிறாள்.

நான் கேலி செய்த குப்பி, அவள் ஒரு கெட்டதிலிருந்து வெளியே வரப் பிடித்த கயிறு.

*

"அப்போ அவள் இஷ்டம், அவள் காசு, நாம் யார் கேட்க?" என்று விட்டுவிடலாமா? அதுவும் எனக்கு முழுசாகப் பொருந்தவில்லை. அந்த இஷ்டம் அவள் தனியாக உட்கார்ந்து கண்டுபிடித்தது அல்ல. பக்கத்தில் வந்து உட்கார ஆள் வேண்டும் என்ற தவிப்பில் முளைத்தது. ஆனால் அப்படிப் பார்த்தால் யாருடைய ஆசைதான் சொந்த ஆசை? நான் புடவைக்கு மடிப்பு வைப்பதும், அதிகாரிகள் வந்தால் ஆங்கிலத்தில் பேசுவதும் யாருடைய கண்ணுக்காக? மதிப்பாகப் பார்க்கப்படுகிறவர்களுக்கு, பார்க்கப்பட வேண்டும் என்ற ஆசை அற்பமாகத் தெரியும். வயிறு நிறைந்தவன் விரதத்தின் மேன்மையைப் பேசுவது மாதிரி.

பராமரிப்புக்கும் திருத்தத்துக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது என்று நினைக்கிறேன். எரிகிற தோலை ஆற்றுவது, வெயிலிலிருந்து காப்பது பராமரிப்பு. இந்த முகமே தப்பு என்று அழித்து எழுதப் பார்ப்பது திருத்தம். சிக்கல் என்னவென்றால் ஒரே குப்பி இரண்டுக்கும் உதவும். காலையில் பராமரிப்பாகப் போட்டது, ஹாஸ்டல் கண்ணாடிமுன் சாயங்காலம் திருத்தமாக மாறலாம். கோடு சீரத்தில் இல்லை, பார்க்கிற கண்ணில் இருக்கிறது. அந்தக் கண்ணை அவளுக்குக் கொடுத்தது யார் என்று கேட்டபோதுதான் எனக்கு அந்த ஆண்டு விழா ஞாபகம் வந்தது.

அவள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது. பாரதமாதா வேஷத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள். வசனம் முழுக்க மனப்பாடம். நான்தான் பொறுப்பு. "நீ கோரஸ்ல நில்லு கண்ணு, உனக்குக் குரல் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, வசனம் தடுமாறிய ஒரு சிவந்த பிள்ளைக்குக் கிரீடம் வைத்தேன். மனசில் துளி உறுத்தல்கூட இல்லாமல் செய்தேன். மேடை லைட்டுக்கு எடுப்பாக இருக்கும் என்று நினைத்ததாக ஞாபகம். ஹாஸ்டல் பெண்களுக்கு முன்னால், அந்த மெடிக்கல் கடைக்கு முன்னால், விளம்பரங்களோடு சேர்ந்து நானும் அவளைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே என் கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை சின்னது. "நீ இருக்கிறபடியே இரு" என்று சொல்லும் உரிமை, அவளை இருக்கிறபடியே பார்த்தவருக்குத்தான் உண்டு. எனக்கு அது இல்லை. தெரிந்த விஷயத்தை ஒளிக்காமல் சொல்லும் கடமை மட்டும் இருக்கிறது.

அதைச் செய்தேன். ட்யூபை இனி வாங்காதே, ஆனால் சட்டென்று நிறுத்துவதா மெல்லக் குறைப்பதா என்பதைத் தோல் டாக்டர்தான் சொல்லவேண்டும், திங்கட்கிழமையே பார் என்றேன். அதுவரை சீரத்தை முகத்தில் வைக்காதே என்றேன். டாக்டர் சரி என்றால் முதலில் முழங்கையின் உள்பக்கம் துளி போட்டு இரண்டு மூன்று நாள் பொறு, ஒரு சமயத்தில் ஒரே ஒரு புதுப்பொருள், அடுத்ததற்கு இரண்டு வாரமாவது இடைவெளி, அப்போதுதான் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். உள்ளே போய் என் மூன்று குப்பிகளையும் கொண்டுவந்து அவள் குப்பி பக்கத்தில் வைத்தேன். அவள் என்னையும் அவற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஆண்டு விழாவைப் பற்றியும் சொன்னேன். திக்கித் திக்கித்தான் சொல்ல முடிந்தது. அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கொஞ்சநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வசனம் இன்னும் ஞாபகம் இருக்குங்க டீச்சர்" என்றாள்.

மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வெளியே மஞ்சு இறங்கி எதிர்வீடு மறைந்துபோயிருந்தது. கிளம்பும்போது வாசலில் நின்று என் சன்ஸ்கிரீனைக் காட்டிக் கேட்டாள்:

"இப்படி மூடிக் கிடக்குற நாள்லயும் இதைப் போடணுங்களா?"

"போடணும் கண்ணு. மஞ்சுக்குள்ளயும் வெயில் வரும்."